வரிசையில் மூன்றாவது ஆள்

சாம்பியாவின் தெற்கு லுவாங்வா தேசியப் பூங்காவில் நடந்தே காட்டுக்குள் புறப்படுவதற்கு முன் வரிசை போடுவார்கள். முதலில் கனத்த துப்பாக்கியோடு வனக்காவலர். அடுத்தவர் வழிகாட்டி. அவருக்குப் பின்னால்தான் பணம் கட்டி வந்த விருந்தினர். கடைசியில் கெட்டிலும் தேயிலையும் பிஸ்கட்டும் சுமந்துகொண்டு தேநீர்க்காரர். ஒருவர் பின் ஒருவராக நடக்க வேண்டும். பேச்சு கூடாது. வழிகாட்டி கையைத் தூக்கினால் நின்றுவிட வேண்டும். எது எதிரே வந்தாலும் ஓடக் கூடாது. விமானம் மாறி மாறி வந்து பெருந்தொகையைக் கொட்டியவருக்கும் அந்த வரிசையில் மூன்றாவது இடம்தான். சொந்த ஊரில் அவர் நாலு பேரை வேலை வாங்குகிறவராக இருக்கலாம். இங்கே அவருக்கு முன்னால் இரண்டு முதுகுகள் இருக்கின்றன, அவை நின்றால் அவரும் நிற்க வேண்டும்.

லுவாங்வா ஆறு நாட்டின் கிழக்குப் பகுதியில், பெரும் பிளவுப் பள்ளத்தாக்கின் ஒரு கிளையில் ஓடுகிறது. அணை கட்டி அடக்கப்படாத ஆறு. மழைக்காலத்தில் கரையைத் தின்றுகொண்டு தடம் மாறும். விட்டுப்போன பழைய வளைவுகள் பிறை வடிவக் குட்டைகளாகத் தங்கிவிடும். பூங்காவின் பரப்பு 9,050 சதுர கிலோமீட்டர். ஜூன் தொடங்கி உள்காட்டில் தண்ணீர் வற்ற வற்ற, விலங்குகள் ஆற்றையும் இந்தக் குட்டைகளையும் நோக்கி நெருங்கி வரும். அக்டோபரில் வெயில் மண்டையைப் பிளக்கும். காட்சிகள் அப்போதுதான் உச்சம். எஞ்சிய சேற்றில் நீர்யானைகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கிடக்க, செங்குத்தான மண்கரையில் ஆயிரக்கணக்கான கருஞ்சிவப்புப் பஞ்சுருட்டான்கள் பொந்து குடைந்து கூடு வைத்திருக்கும்.

இங்கே நடப்பதை ஒரு தொழிலாக்கியவர் நார்மன் கார். வடக்கு ரொடீசியா என்று இந்த நாட்டுக்குப் பெயர் இருந்த காலத்தில் அவர் யானைக் கட்டுப்பாட்டு அதிகாரி. பயிரை அழிக்கும் யானைகளைச் சுடுவது அவருடைய வேலை. 1950இல் அவர் குண்டா மக்களின் தலைவர்களில் ஒருவரான ந்செஃபுவிடம் ஒரு யோசனையோடு போனார். ஆற்றின் கிழக்குக் கரையில் கொஞ்சம் நிலத்தை விலங்குகளுக்கென்று ஒதுக்குங்கள், அவற்றைப் பார்க்க ஆட்கள் வருவார்கள், அவர்கள் கட்டும் பணம் உங்கள் மக்களுக்கு வரும் என்றார். கொன்று தின்னவும் இல்லாமல், தந்தம் எடுக்கவும் இல்லாமல், வெறுமனே பார்த்துவிட்டுப் போக எவன் பணம் தருவான்? அந்தக் காலத்தில் இது நியாயமான சந்தேகம். ஆனாலும் ந்செஃபு நிலத்தை ஒதுக்கினார். கூரை வேய்ந்த வட்டக் குடிசைகள் எழுந்தன, ஆட்கள் வந்தார்கள், பணமும் ஊருக்குப் போனது. பத்தாண்டு கழித்து, நார்மன் கார் விருந்தினரை வண்டியிலிருந்து இறக்கி நடக்கவைத்தார். நாடு விடுதலை பெற்றபின் முதல் குடியரசுத் தலைவர் கென்னத் கவுண்டாவே இந்தப் பள்ளத்தாக்குக்கு விடுமுறைக்கு வந்து நடப்பார்.

இந்தக் கதையைக் காட்டு உலாச் சந்தையின் விளம்பரங்கள் வெள்ளைக்கார முன்னோடி ஒருவரின் கதையாகவே சொல்கின்றன. நிலத்தைக் கொடுத்தவர் அதில் ஒரு வரியில் வந்து போகிறார். யோசனை காருடையது, அது பலிக்காமல் போயிருந்தால் இழப்பு ந்செஃபுவின் மக்களுக்கு.

தனி வழிகாட்டியோடு போகும் உலா என்றால் என்ன என்பதையும் சொல்லிவிட வேண்டும். விருந்தினர் தங்கும் பெரும்பாலான முகாம்களில் வண்டியும் வழிகாட்டியும் பொது. ஆறு பேர் ஏறினால் ஆறு ஆசைகள் ஏறும். ஒருவருக்குச் சிங்கம் வேண்டும், ஒருவர் பறவைப் பட்டியலைப் பூர்த்தி செய்ய வந்தவர், மூன்றாமவருக்கு முதுகுவலி. கூடுதலாகக் கட்டினால் வண்டியும் வழிகாட்டியும் ஒரு குடும்பத்துக்கோ ஒரு தனி ஆளுக்கோ ஒதுக்கப்படும். அதற்கும் மேலே போனால், முகாமுக்கு முகாம் கூடவே வரும் ஒரு வழிகாட்டியை முழுப் பயணத்துக்கும் அமர்த்திக்கொள்ளலாம். அதனால் அதிக விலங்கு தென்பட்டுவிடாது. ஒரே இடத்தில் இரண்டு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருக்கலாம், யாரும் முணுமுணுக்க மாட்டார்கள். இந்தச் செலவில் உண்மையிலேயே கைக்கு வருவது அதுதான். உறங்கும் சிங்கத்தைப் பத்து நிமிடத்துக்கு மேல் பார்க்கப் பொதுவண்டிக்குப் பொறுமை இருக்காது. சிங்கமோ பகலில் பெரும்பகுதி உறங்குகிற பிராணி.

நடையில் இந்தப் பொறுமை இன்னும் கறாராகக் கேட்கப்படும்.

மணலில் ஒரு சிறுத்தைத் தடம். நகக்குறி பதியவில்லை, கழுதைப்புலியாக இருந்தால் பதிந்திருக்கும். விருந்தினர் படமெடுத்துவிட்டு நகரப் பார்க்கிறார். வழிகாட்டி குந்தி உட்கார்ந்துவிட்டார். தடத்தின் குறுக்கே, ஊசியால் கீறியது போல, ஒரு பூச்சி ஊர்ந்துபோன கோடு. இரவில் நடமாடும் பூச்சி அது. கோடு தடத்தின் பள்ளத்துக்குள் இறங்கி மறுபக்கம் ஏறிப் போயிருந்தால் சிறுத்தை முதலில், பூச்சி பிறகு: தடம் பழையது. கோடு தடத்தின் விளிம்பில் அறுந்து மறு விளிம்பில் தொடங்கினால் பூச்சி போன பிறகு அதன் மேல் கால் வைத்திருக்கிறது சிறுத்தை: அநேகமாக விடியலில். இன்றைய கோடு அறுந்திருக்கிறது. வழிகாட்டி எழுந்து, வந்த வழியை விட்டு இடப்பக்கம் திரும்புகிறார். ஏன் என்று அவர் சொல்லவில்லை, வரிசையும் கேட்கவில்லை.

சற்றுத் தள்ளி யானைத் தடங்கள். முன்கால் வட்டமாக, பின்கால் நீள்வட்டமாக விழும். பின்கால் பெரும்பாலும் முன்கால் பதிந்த இடத்தின் மேலேயே மிதித்துப்போகும். பாதத்தின் வெடிப்புகள் மணலில் வலைபோட்டிருக்கும், ஒரு யானையின் வலை இன்னொன்றுக்கு வராது. லத்தி கிடந்தால் உடைத்துப் பார்ப்பார்கள். சில வழிகாட்டிகள் கையை உள்ளே விட்டுச் சூடு பார்ப்பார்கள். மேல்தோல் வெயிலில் உலர்ந்திருந்தாலும் உள்ளே வெதுவெதுப்பு இருந்தால் யானை தொலைவில் இல்லை. தின்றதில் பாதியைக்கூட யானை செரிப்பதில்லை. நாரும் தோலும் முழு விதையுமாக அப்படியே வந்து விழும். விழுந்த சற்று நேரத்தில் சாணவண்டுகள் வந்து சேரும். இதையெல்லாம் விரலால் பிரித்துக் காட்டும்போது, முந்தின நாள் சிங்கம் எங்கே என்று நச்சரித்த விருந்தினரும் குனிந்து பார்ப்பார். கேமரா அவர் கழுத்தில் மறந்துபோய்த் தொங்கும்.

வழிகாட்டியின் இடுப்பில் ஒரு சிறு துணிப்பை. அதில் விறகுச் சாம்பல். அவ்வப்போது அதைத் தட்டுவார். சாம்பல் எந்தப் பக்கம் மிதந்து போகிறதோ அந்தப் பக்கம் காற்று. யானைக்கும் எருமைக்கும் கண்ணைவிட மூக்கு பெரிது. காற்று மாறினால் பாதையும் மாறும், அரை கிலோமீட்டர் சுற்றினாலும் சரி. செயற்கைக்கோள் தொலைபேசி வைத்திருக்கும் முகாம்களும் காற்றுக்கு இந்தப் பையைத்தான் நம்புகின்றன.

மரங்களையும் வாசிக்கத் தெரிய வேண்டும். கிஜீலியா மரத்தில் பெரிய சுரைக்காயளவு காய்கள் தொங்கும். அதன் கருஞ்சிவப்புப் பூக்கள் இரவில் விரிந்து வௌவாலுக்குத் தேன் கொடுத்துவிட்டு விடியலில் உதிரும். உதிர்ந்த பூவைத் தின்ன இம்பாலா மான்களும் புக்கு மான்களும் வரும். மான் வரும் என்று தெரிந்து மேலே கிளையில் சிறுத்தை படுத்திருப்பதும் உண்டு. ஆகவே அந்த மரத்தடியில் பூ கிடந்தால் வழிகாட்டியின் கண் மேலே போகும். வெள்ளை முள்மரம் என்று சொல்லத்தக்க ஃபைதர்பியாவின் போக்கே தனி: மற்ற மரங்கள் தழைக்கும் மழைக்காலத்தில் இலை உதிர்க்கும், காடே காய்ந்து கிடக்கும்போது பச்சையாக நிற்கும், கோடையின் கடைசியில் சுருண்ட காய்களைக் கொட்டும். யானைக்கு அது பஞ்சகாலச் சோறு. அந்தக் காய் விழும் சத்தம் கேட்கும் தோப்பில் வழிகாட்டிகள் நடையைத் தளர்த்துவார்கள்.

பத்து மணிவாக்கில் தேநீர்க்காரர் நிழல் பார்த்துச் சுள்ளி பொறுக்கித் தீ மூட்டுவார். ஆப்பிரிக்க உலாக்களைப் பற்றி எழுதுகிறவர்கள் சிங்கத்துக்கு ஒதுக்கும் பக்கங்களில் பாதியையாவது இவருக்கு ஒதுக்கியிருக்கலாம். ஆறு பேருக்கான தண்ணீரைச் சுமந்து, வரிசையின் கடைசியில், முதுகுக்குப் பின்னால் யாரும் இல்லாமல் வருகிறவர் அவர் ஒருவர்தான்.

இந்தப் பள்ளத்தாக்கு எப்படி இவ்வளவு காலம் காடாகவே நின்றது என்ற கேள்விக்குப் பதில், பாதுகாப்பு இயக்கங்களுக்கு அவ்வளவாகப் பெருமை சேர்க்காத ஒரு ஈ. செட்சி ஈ கடித்தால் மாட்டுக்கு நாகானா என்ற நோய் வரும். மனிதனுக்கு உறக்க நோய் வரக்கூடும். மாடு வளர்க்க முடியாத மண் என்பதால் மேய்ச்சல்காரர்கள் இங்கே பெருகவில்லை. அந்த ஈ கடித்தால் சுருக்கென்று தைக்கும், துணியையும் துளைக்கும். நீலமும் கறுப்பும் அதற்குப் பிடித்த நிறங்கள். அந்த நிறத் துணிகளில் மருந்து தடவி மரங்களில் தொங்கவிட்டுத்தான் அதைக் கொல்கிறார்கள். விவரம் தெரியாமல் கருநீல ஜீன்ஸில் வருகிறவர் அன்று மாலை தன் தொடைகளில் எண்ணெய் தடவிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். வண்டிகளின் பின்புறம் ஒரு தகர டப்பாவில் காய்ந்த யானை லத்தியைப் புகையவிடுவார்கள். ஈ கொஞ்சம் விலகும். ஈக்கு நன்றி சொல்லும் விளம்பரம் எதுவும் இதுவரை அச்சாகவில்லை.

இரவு உலாவுக்கு வண்டிதான். சாம்பியாவில் இரவில் விளக்கோடு பூங்காவுக்குள் போக அனுமதி உண்டு. ஆப்பிரிக்காவில் பல தேசியப் பூங்காக்களில் இல்லை. லுவாங்வாவின் புகழுக்குக் காரணமான சிறுத்தைகள் இந்த நேரத்தில்தான் எழுந்து நடக்கும். இங்கேதான் விருந்தினரின் ஆசையும் வழிகாட்டியின் நேர்மையும் உரசும். வெள்ளை வெளிச்சம் மானின் கண்ணில் விழுந்தால் அது சற்று நேரம் குருடாகி நிற்கும், சிறுத்தைக்கு வேலை சுலபமாகிவிடும். அடித்துக் கொல்வதை நேரில் பார்க்க வந்தவருக்கு அது நல்ல இரவு. நல்ல வழிகாட்டி விளக்கை மான் மேல் திருப்ப மாட்டார். வேட்டை தொடங்கினால் சிவப்புக் கண்ணாடியைப் போடுவார், இல்லையென்றால் அணைத்தே விடுவார். தனி வண்டியில் முதலாளி ஒருவரே என்பதால் அவர் கேட்பதற்கு இணங்கிவிடும் சபலமும் அதிகம். பொதுவண்டியில் ஆறு பேரில் ஒருவராவது வேண்டாம் என்பார்.

‘பெரிய ஐந்து’ என்று ஒரு பட்டியல் உண்டு: சிங்கம், சிறுத்தை, யானை, எருமை, காண்டாமிருகம். துப்பாக்கிக்காரர்கள் போட்ட பட்டியல் அது, நடந்துபோய்ச் சுடுவதற்கு ஆபத்தானவை என்று. இன்று கேமராக்காரர்கள் அதையே வைத்துக்கொண்டு அலைகிறார்கள். தெற்கு லுவாங்வாவில் அந்தப் பட்டியல் நிறைவேறாது, ஐந்தாவது இங்கே இல்லை. 1970களின் தொடக்கம்வரை ஆயிரக்கணக்கில் இருந்த கறுப்புக் காண்டாமிருகங்களைக் கொம்புக்காகக் கொன்று தீர்த்தார்கள். 1998இல் சாம்பியாவிலேயே அந்த இனம் இல்லை என்று அறிவிக்கப்பட்டது. 2003 முதல் தென்னாப்பிரிக்காவிலிருந்து கொண்டுவந்து வடக்கு லுவாங்வா தேசியப் பூங்காவில் மறுபடி விட்டிருக்கிறார்கள். யானைகள் ஒரு லட்சத்தை நெருங்கியிருந்த பள்ளத்தாக்கு இது. 1980களின் முடிவுக்குள் அவற்றில் மிகப் பெரும்பகுதி தந்தத்துக்காகச் செத்தது.

அந்தக் கொலைகளின் சுவடு உயிரோடு இருக்கும் யானைகளின் முகத்தில் இருக்கிறது. ஆசிய யானையைப் பார்த்து வளர்ந்த நமக்குப் பெண் யானைக்குத் தந்தம் இல்லாதது இயல்பு. ஆப்பிரிக்காவில் பெண்ணுக்கும் தந்தம் உண்டு; பிறவியிலேயே இல்லாதவை சிறுபான்மை. தெற்கு லுவாங்வாவிலும் அதையொட்டிய பகுதியிலும் 1969இல் பெண் யானைகளில் 10.5 சதவீதம் தந்தமற்றவையாக இருந்தன. 1989இல் அது 38.2 சதவீதம். தந்தம் உள்ளவற்றைச் சுட்டார்கள், இல்லாதவை பிழைத்துக் குட்டி போட்டன. ஆற்றைக் கடக்கும் ஒரு கூட்டத்தை விருந்தினர் அழகென்று படமெடுக்கும்போது, வழிகாட்டி அதில் தந்தமில்லாத பாட்டியை எண்ணிக்கொண்டிருப்பார். துப்பாக்கிச் சத்தத்தை அறிந்த வயது அதற்கு இருக்கக்கூடும். மற்றக் கூட்டங்களிலிருந்து நிற்பதைவிட இந்தக் கூட்டத்திலிருந்து தொலைவாக நிற்பார்.

நிற்கத் தெரிந்திருந்தாலும் போதாத நாட்கள் உண்டு. 2025 ஜூலையில் இந்தப் பூங்காவில் நடந்துகொண்டிருந்த இரண்டு பெண் பயணிகளைக் குட்டியோடு இருந்த ஒரு யானை தாக்கிக் கொன்றது. இருவரும் அறுபது வயதைக் கடந்தவர்கள், ஒருவர் பிரிட்டனையும் மற்றவர் நியூசிலாந்தையும் சேர்ந்தவர். உடன் வந்தவர்கள் சுட்டும் யானையைத் தடுக்க முடியவில்லை. முன்னால் போகும் துப்பாக்கியை விருந்தினர் காப்பீடு போல நினைத்துக்கொள்கிறார். தொழிலில் ஊறியவர்களைக் கேட்டால், அதை எடுக்க வேண்டிய நிலை வந்தாலே அன்றைய நடை ஏற்கெனவே தவறிவிட்டது என்பார்கள். சாம்பல் பைதான் உண்மையான கவசம். அதுவும் எல்லா நாளும் போதாது.

வழிகாட்டியாவதற்குத் தேர்வுகள் உண்டு. எழுத்துத் தேர்வு, வண்டி ஓட்டும் தேர்வு, நடை அழைத்துப்போகத் தனித் தகுதி. லுவாங்வாவின் தேர்வு கடினமானது என்று பெயரெடுத்தது. தேறியவர்களில் பலர் ஆற்றின் கிழக்கே, ம்ஃபுவேயைச் சுற்றியுள்ள ஊர்களில் பிறந்தவர்கள். பறவைகளின் இலத்தீன் பெயரைப் பாடமாகப் படித்தவர்கள். யானைக்கு ந்ஜோவு, சிங்கத்துக்கு ம்காங்கோ என்ற பெயர்களையும், அவை வந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதையும் அதற்கு வெகுமுன்பே வீட்டில் படித்தவர்கள். தனி வழிகாட்டிக்குக் கொடுக்கும் காசு இந்த இரண்டாவது படிப்புக்குப் போகிறது. அந்தப் படிப்பைத் தந்த ஊர் பூங்காவின் படங்களில் தெரிவதில்லை.

அந்த ஊர்கள் விலங்கு மேலாண்மைப் பகுதி என்ற நிலத்தில் இருக்கின்றன. அங்கே மக்கள் வாழலாம், உழலாம். விலங்கும் வரலாம், வேலி கிடையாது. உலா வருவாயிலும் வேட்டை உரிமத் தொகையிலும் ஊருக்குப் பங்கு வர வேண்டும் என்பது ஏற்பாடு. 1990களில் அதை ஊர்க் குழுக்களின் கையிலேயே கொடுத்துப் பார்த்தார்கள். பள்ளிக்கூடமும் கிணறும் வந்த ஊர்கள் உண்டு. பங்கு எவ்வளவு, யார் கைக்குப் போயிற்று என்ற சண்டையும் உண்டு. இறைச்சிக்காகக் கம்பியை வளைத்துச் சுருக்கு வைக்கிறவர்கள் இதே ஊர்க்காரர்கள்; இம்பாலாவுக்கு வைத்த சுருக்கில் காட்டு நாயும் சிங்கமும் மாட்டிக் கழுத்தறுபட்டு அலையும். மயக்க ஊசி போட்டுக் கம்பியை அறுத்துவிடும் மருத்துவக் குழுக்களில் வேலை பார்ப்பவர்களும் இதே ஊர்க்காரர்கள்தான்.

நவம்பரில் மழை இறங்கும். கரிசல் மண் வண்டியை விழுங்கிவிடும் என்பதால் உள்காட்டு முகாம்களைப் பிரித்துவிடுவார்கள். புல்லும் நாணலும் கொண்டு ஆண்டுதோறும் புதிதாகக் கட்டும் குடிசைகள் அவை. பணியாளர்களில் பலர் ஊர் திரும்புவார்கள். பிப்ரவரி, மார்ச்சில் மக்காச்சோளம் கதிர் பிடிக்கும்போது யானை ஆற்றைக் கடந்து வரும். ஒரு கூட்டம் ஒரே இரவில் ஒரு குடும்பத்தின் ஆண்டுச் சாப்பாட்டை முடித்துவிட முடியும். பரண் கட்டிக் காவல் இருப்பார்கள், தகரம் தட்டுவார்கள், மிளகாய்த் தூளை யானை லத்தியோடு பிசைந்து கட்டிகளாகக் காயவைத்து வயலோரத்தில் புகையவிடுவார்கள். பிங்பாங் பந்தில் மிளகாய்ச் சாற்றை நிரப்பி யானையின் மேல் அடித்து உடைக்கும் குழாய்த் துப்பாக்கியும் வந்திருக்கிறது. செப்டம்பரில் விருந்தினரை முப்பது மீட்டர் தள்ளி நிறுத்தி மூச்சை அடக்கச் சொன்ன அதே ஆள், மார்ச்சில் அதே கூட்டத்தை நோக்கி அந்தக் குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியிருக்கலாம். அப்போது அவருக்கு முன்னால் காவலரும் இல்லை, பின்னால் தேநீரும் இல்லை. மே மாதம் வழி உலர்ந்ததும் முகாம் கட்ட ஆள் எடுப்பார்கள். புல் அறுக்கவும் நாணல் கட்டவும் வருகிறவர்களில், அந்த ஆண்டு கதிரை யானைக்குக் கொடுத்துவிட்டு வந்தவர்களும் இருப்பார்கள்.